பஞ்சாமிர்த அண்டாவில் என் பல்

கல்யாணத்துக்கு முன்னால் பெண் வீட்டார் மறைக்கிற விஷயங்கள் பல உண்டு. வயதில் ஒன்றிரண்டு, ஜாதகத்தில் ஒரு கட்டம், முடிந்துபோன ஒரு காதல். என் வீட்டில் மறைத்தது இரண்டு பிளாஸ்டிக் துண்டுகளை. மேல் பல் வரிசைக்கு ஒன்று, கீழ் வரிசைக்கு ஒன்று. ஒளித்துவைத்த இடம் என் வாய். ஏழு மாதம் பத்திரமாக அங்கே இருந்தவை, தைப்பூசத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது, பழனி அடிவாரத்தில் என் புகுந்த வீட்டுப் பஞ்சாமிர்த அண்டாவுக்குள் விழுந்தன. விழுந்ததைக்கூட மன்னித்துவிடலாம். அதை வாய்திறந்து சொல்ல எனக்குப் பத்து நிமிடம் பிடித்தது. அந்தப் பத்து நிமிடத்தை நினைத்தால் இன்றைக்கும் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொள்ளத் தோன்றுகிறது.

நான் பிறந்து வளர்ந்தது கொடைக்கானல். அப்பா சுற்றுலாக்காரர்களுக்கு ஜீப் ஓட்டுகிறவர். நான் ஏரிப்பக்கத்து ரிசார்ட் ஒன்றில் ரிசப்ஷனில் இருந்தேன். ரிசப்ஷனில் இருப்பவளுக்குப் பாதிச் சம்பளம் சிரிப்பதற்குத்தான். எனக்கோ முன்பல் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று கால் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும். போட்டோ எடுக்கும்போதெல்லாம் உதட்டை மூடிக்கொண்டு சிரிப்பேன். (அந்தப் போட்டோக்களில் நான் ஏதோ கசாயம் குடித்தவள் மாதிரி இருப்பேன்.) கடைசியில் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, ஒரு பல் டாக்டரிடம் போனேன். என்னைவிட இரண்டு வயது மூத்த பெண். கம்பி கட்டத் தேவையில்லை, அலைனர் போதும் என்றார்.

அலைனர் என்பது கண்ணாடி போன்ற மெல்லிய உறை. பல்லின்மேல் அச்சாகப் பொருந்தி உட்காரும். பதினைந்து நாளுக்கு ஒரு ஜோடி மாற்ற வேண்டும். ஒவ்வொரு ஜோடியும் பல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிக்கொண்டு போய் நேராக நிறுத்தும். போட்டிருப்பது எதிரே நிற்பவருக்குத் தெரியவே தெரியாது. டாக்டர் சட்டங்களை வரிசையாகச் சொன்னார். சாப்பிடும் நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் வாயில் இருக்க வேண்டும். சாப்பிடும்போது கழற்ற வேண்டும். பல் விளக்கிவிட்டுத்தான் திரும்பப் போட வேண்டும். கழற்றினால் அதற்கென்று இருக்கிற டப்பாவில் மட்டும் வைக்க வேண்டும்.

"டிஷ்யூ பேப்பர்ல சுத்தி வைக்காதீங்க. தட்டுல, டம்ளர்ல வைக்காதீங்க. தொலைக்கிறவங்க எல்லாரும் அப்படித்தான் தொலைக்கிறாங்க. அப்புறம் சுடுதண்ணி ஆகவே ஆகாது" என்றார்.

சுடுதண்ணி விஷயத்தை நான் ஒரு மாதம்தான் காப்பாற்றினேன். கொடைக்கானலில் ஆடிச் சாரல் அடிக்கிற காலையில் பச்சைத் தண்ணீரில் கை வைத்தால் விரல் நம்முடையதுதானா என்று சந்தேகம் வரும். ஒருநாள் கீசரைத் திறந்து கழுவிவிட்டேன். அலைனர் சுட்ட அப்பளம் மாதிரி சுருண்டது. அந்த ஜோடியை மறுபடி வரவழைக்க டாக்டரிடம் நான் சொன்ன காரணம், "குரங்கு தூக்கிட்டுப் போயிருச்சு மேம்." (எங்கள் ஊரில் எது காணாமல் போனாலும் இந்தக் காரணம் செல்லும்.) அவர் சுருண்ட அலைனரைக் கையில் வாங்கிப் பார்த்துக்கொண்டே, "குரங்கு சுடுதண்ணில குளிப்பாட்டியிருக்கு போல" என்றார். அதை அவரிடம் கொடுத்துவிட்டுத்தான் பொய் சொல்லியிருக்கிறேன் என்பது எனக்கு அப்புறம்தான் உறைத்தது. என் அறிவு இந்த அளவில் இருந்தது என்பதை வாசிக்கிறவர்கள் மனதில் வைத்துக்கொண்டால், பின்னால் நடந்தது ஆச்சரியம் தராது.

இதற்கு நடுவில்தான் பழனியிலிருந்து வரன் வந்தது. அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடை வைத்திருக்கும் குடும்பம். மாப்பிள்ளை முத்துக்குமார் ஒரே பையன். அம்மா என்னிடம் கண்டிப்பாகச் சொன்னார்: "இந்தக் கிளிப்பு சமாச்சாரத்தை எல்லாம் அவங்ககிட்டச் சொல்லிக்கிட்டு இருக்காத. பொண்ணுக்கு எலும்புல கோளாறுன்னு கெளப்பி விட்டுருவாங்க."

அலைனர் போட்டிருந்தால் ச, ஸ எல்லாம் வாயில் வழுக்கும். பெண் பார்க்க வந்த அன்று கேசரித் தட்டை நீட்டி, "ஷாப்பிடுங்க" என்றேன். மாப்பிள்ளையின் அம்மா பாக்கியம் என்னை நிமிர்ந்து பார்த்தார். நல்ல ஆகிருதி, காதில் கல் தோடு, ஒரு பார்வையில் வாழைத்தாரில் எத்தனை பழம் தேறும் என்று சொல்லிவிடுகிற கண். நான் பயந்துபோனேன். அவரோ என் அம்மாவிடம், "மழலை மாறாம பேசுதே புள்ள" என்று சிரித்தார். ஐப்பசியில் கல்யாணம் முடிந்தது.

கணவரிடம் முதல் வாரத்திலேயே சொல்லிவிட்டேன். பாத்ரூமில் டப்பாவைப் பார்த்துவிட்டு அவர் யாருடைய பல்செட் என்று கேட்டதால் சொல்ல வேண்டியதாயிற்று. யாரிடமும் சொல்ல மாட்டேன் என்றார். பதிலுக்கு ஒரு ரகசியம் தந்தார். பஞ்சாமிர்தக் கடைக்காரர் மகனான அவருக்குப் பஞ்சாமிர்தம் பிடிக்காதாம். நாங்கள் ஒருவரையொருவர் காட்டிக்கொடுக்க முடியாத நிலையில் இல்லறம் தொடங்கியது.

சாப்பாட்டுக்கு முன்னால் மாடி பாத்ரூமுக்கு ஓடிக் கழற்றிவிட்டு வருவேன். சாப்பிடும்போது பேசுகிற பழக்கம் எனக்குக் கிடையாது. சாப்பிட்டதும் மறுபடி ஓடிப் பல் விளக்கி மாட்டிக்கொள்வேன். பார்ப்பவர்களுக்கு இது எப்படி இருக்கும் என்று நான் யோசிக்கவில்லை. அத்தை யோசித்தார். கல்யாணமான இரண்டாம் மாதத்திலிருந்து என் தட்டில் மாதுளம்பழம் உரித்து வந்து விழ ஆரம்பித்தது. "நல்லாத் தின்னு, ஒடம்புக்கு ஆகும்" என்பார். என்ன பாசம் என்று நினைத்து ஒரு முத்து விடாமல் தின்றேன்.

தைப்பூசம் நெருங்கியது. பாதயாத்திரைக் கூட்டம் ஊருக்குள் இறங்கிவிட்டது. கடைக்குப் பின்னால் இருக்கிற கூடத்தில்தான் பஞ்சாமிர்தம் தயாராகும். மலை வாழைப்பழத்தைப் பிசைந்து, நாட்டுச் சர்க்கரை, தேன், நெய், பேரீச்சம்பழம், ஏலம், கல்கண்டு எல்லாம் சேர்த்து இடுப்புயர அண்டாவில் கலப்பார்கள். அத்தைதான் அங்கே சகலமும். அவருக்கு வலது கை பாலசமுத்திரத்திலிருந்து வருகிற சரசக்கா. அன்றைக்கு ஆள் போதாமல், வெள்ளனே நானும் கீழே இறங்கிக் கொட்டை எடுக்க உட்கார்ந்தேன். பேரீச்சம்பழக் கொட்டை எடுப்பது பெரிய வித்தை இல்லை. எனக்கு வராமல் இருந்தது.

எட்டு மணி வாக்கில் முதல் அண்டா தயாரானது. அத்தை ஒரு கரண்டி எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

"காலையில இருந்து ருசி பாத்துப் பாத்து எனக்கு நாக்கு மரத்துப்போச்சு. நீ தின்னு பாத்துச் சொல்லு."

சரசக்கா என்னைப் பொறாமையோடு பார்த்தார். அந்தக் கூடத்தில் ருசி பார்த்துச் சொல்கிற உரிமை அதுவரை அத்தையைத் தவிர யாருக்கும் கிடைத்ததில்லை. எனக்கு வாயில் அலைனர். டப்பா மாடியில். ஒரு நிமிடம் அத்தை என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய் வந்திருக்கலாம். அந்தக் கௌரவத்தை ஒரு நிமிடம் காத்திருக்க வைக்க எனக்கு மனம் வரவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பி, இடது கையால் இரண்டையும் கழற்றி, அலமாரியில் காலியாக இருந்த எவர்சில்வர் கிண்ணத்தில் போட்டேன். பிறகு திரும்பிப் பஞ்சாமிர்தத்தைத் தின்றேன்.

அப்படி ஒரு ருசி. அதில் சேர்க்கவோ குறைக்கவோ எதுவும் இல்லை. நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்தால் இந்தக் கட்டுரையே இருந்திருக்காது. ஆனால் ருசி பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள், ஒரு கருத்தாவது சொல்ல வேண்டாமா? கண்ணை மூடி, தலையை லேசாகச் சாய்த்து, "கல்கண்டு இன்னும் ஒரு கை போடலாமுங்க அத்தை" என்றேன்.

சொல்லிவிட்டு வாய் கொப்பளிக்கக் குழாயடிக்குப் போனேன்.

திரும்பி வந்தபோது அலமாரியில் கிண்ணம் இல்லை. சரசக்கா கையில் இருந்தது. காலியாக இருந்தது.

"அக்கா, இந்தக் கிண்ணத்துல ஏதாவது இருந்துச்சா?"

"வெறுங்கிண்ணந்தேன் தாயி. நீ சொன்னேல்ல, அதுல கல்கண்டை அள்ளி அண்டாவுல கொட்டிட்டேன்."

எவர்சில்வர் கிண்ணத்தின் அடியில் கண்ணாடி நிறத்தில் இரண்டு உறை. மேலே கண்ணாடி நிறத்தில் கல்கண்டு. சரசக்காவைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. எதிரே நிற்பவருக்குத் தெரியவே தெரியாது என்று டாக்டர் உத்தரவாதம் கொடுத்த பொருள்தானே அது.

இங்கேதான் அந்தப் பத்து நிமிடம் வருகிறது. சொல்லியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் என்றால், "நான் கொஞ்சம் கிண்டுறேனே அத்தை" என்று துடுப்பை வாங்கிக்கொண்டேன். யாருக்கும் தெரியாமல் கண்டுபிடித்து எடுத்துவிடலாம் என்று திட்டம். அந்த மாநிறக் கூழில் இரண்டு கண்ணாடித் துண்டுகளைத் துடுப்பால் தேடினேன். பளபளவென்று எது தெரிந்தாலும் பாய்ந்து அமுக்கினேன். எல்லாம் கல்கண்டு. (நான் கேட்டு வாங்கிய கல்கண்டு.) அத்தை, "பாரு சரசு, டவுனு புள்ளைன்னு சொன்னியே, எப்பிடி வேலை செய்யுதுன்னு பாரு" என்று பெருமைப்பட்டார். அதற்குள் அந்தப் பக்கம் அதே அண்டாவிலிருந்து அள்ளி டப்பாக்களில் அடைக்க ஆரம்பித்து, பன்னிரண்டு டப்பா கடைக்குப் போய்விட்டது.

டப்பாக்கள் போவதைப் பார்த்தேன். மலையேறி இறங்கிய யாரோ ஒருவர் ஆசையாக ஒரு வாய் போட்டுக் கடிப்பதாக மனசுக்குள் ஒரு காட்சி. துடுப்பைக் கீழே வைத்தேன்.

"அத்தை, உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும். சத்தியமா தெரியாம செஞ்சிட்டேன்."

அத்தையின் முகம் மலர்ந்தது. நான் எதிர்பார்த்த முகம் அது இல்லை.

"சரசு, கேட்டியா? 'சத்தியமா'ன்னு சொல்லுது. 'செஞ்சிட்டேன்'னு சொல்லுது. நாக்கு திருந்திருச்சு." இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி மலையைப் பார்த்துக் கும்பிட்டார். "முருகா, வெள்ளியில நாக்கு செஞ்சு போடுறேன்னு வேண்டி முழுசா ஒரு மாசம் ஆகலையேப்பா."

அலைனர் வாயில் இல்லாததால் என் பேச்சு தெளிவாகியிருக்கிறது. அதைத் தெய்வச் செயல் என்று நினைத்து அவர் கண்கலங்கி நிற்கிறார். இந்தப் பெண்மணி எனக்காக ஒரு மாதமாக வேண்டிக்கொண்டிருக்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் தெரியும். அப்படி நிற்பவரிடம் போய், இல்லைங்க அத்தை, என் பல்லுறை உங்கள் அண்டாவில் கிடக்கிறது என்று சொன்னேன். ஏழு மாதக் கதையையும் அழுதுகொண்டே சொன்னேன்.

"பல்லுக்குச் சட்டையா?" என்றார் சரசக்கா. இருந்த இடத்திலிருந்தே என் வாயை எட்டிப் பார்த்தார்.

அத்தை கையை இறக்கினார். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் திட்டவில்லை. "அடைக்கிறதை நிப்பாட்டு" என்றார் சரசக்காவிடம். கடைப்பக்கம் திரும்பி, "ஏங்க, இப்ப வந்த டப்பாவை யாருக்கும் கொடுத்துறாதீங்க" என்றார். சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினார். தோள்வரை கையை அண்டாவுக்குள் விட்டார்.

மாமா கடையிலிருந்து உள்ளே வந்து விஷயத்தைக் கேட்டார். பூசக் கூட்டம் வாசலில் நெரிகிறது, அவர் கவலை அவருக்கு. தணிந்த குரலில், "தேடி எடுத்துட்டா சரியாப் போச்சுல்ல? யாருக்குத் தெரியப் போகுது" என்றார்.

அத்தை நிமிராமல் சொன்னார்: "எச்சி பட்டதுங்க. நம்ம புள்ள எச்சி நமக்கு ஒண்ணும் பெருசில்ல. வாங்கிட்டுப் போறவங்க இதைக் கொண்டுபோயி சாமி படத்துக்கு முன்னால வச்சுக் கும்பிடுவாங்க."

அந்த அண்டாவின் கதை அந்த ஒரு வார்த்தையில் முடிந்தது. பூசத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது ஒரு முழு அண்டாவை வேண்டாம் என்று சொல்ல எத்தனை பேருக்கு மனசு வரும் என்று எனக்குத் தெரியாது. எனக்கு வந்திருக்காது. நான்தான் பத்து நிமிடம் துடுப்புப் போட்டவளாயிற்றே.

மேல் அலைனர் கிடைத்துவிட்டது. அத்தை விரல் நுனியாலேயே கண்டுபிடித்தார். "இது பழமும் இல்ல, கல்கண்டும் இல்ல" என்று தூக்கிப் பிடித்தார். அவர் கையில் அது பழுப்பு நிறத்தில் சிரித்துக்கொண்டிருந்தது. கீழ் அலைனர் இல்லை. அண்டாவைக் கரண்டி கரண்டியாக வேறு பாத்திரத்துக்கு மாற்றிப் பார்த்தார்கள். அடைத்த டப்பாக்களைத் திறந்து பார்த்தார்கள். இல்லை.

"கடைக்குப் போன பன்னெண்டுல எத்தனை வித்துச்சு?" என்றார் அத்தை.

"பத்து" என்றார் மாமா. "பச்சை வேட்டிக்காரங்க ஒரு குழு. அருப்புக்கோட்டைப் பக்கமாம். பஸ் கெளம்புதுன்னு வெரசா வாங்கிட்டுப் போனாங்க. நீ சத்தம் போடும்போது அவங்க படியெறங்கிட்டாங்க."

மீதி இரண்டு டப்பாவிலும் ஒன்றும் இல்லை. அப்படியென்றால் என் கீழ் வரிசை அருப்புக்கோட்டைக்குப் பயணப்பட்டுக்கொண்டிருந்தது.

அத்தை முந்தின நாள் தயாரித்ததில் பத்து டப்பா எடுத்துப் பையில் போட்டார். "நட" என்றார் என்னிடம். தோள்வரை பூசிய பஞ்சாமிர்தத்தைக்கூடக் கழுவவில்லை. வண்டி போகாத கூட்டம். காவடியும் கொட்டும் எதிர்த்து வர, அத்தை அதைப் பிளந்துகொண்டு போனார். நான் வாயைப் பொத்திக்கொண்டு பின்னால் ஓடினேன். பார்த்தவர்கள் ஏதோ அடிதடி என்று நினைத்து வழி விட்டார்கள்.

பஸ் நிறுத்துகிற மைதானத்தில் பச்சை வேட்டிகள் தெரிந்த பஸ் புகை விட்டுக்கொண்டிருந்தது. அத்தை டிரைவர் கதவைத் தட்டினார், இரண்டு எட்டில் மேலே ஏறினார். நானும் ஏறினேன். நாற்பது பேர் இருப்பார்கள். அந்த நாற்பது பேருக்கு ஏதாவது பொருத்தமான காரணம் சொல்வார் என்று நினைத்தேன். கெட்டுப்போனது, அளவு குறைந்தது, எதையாவது. ஏழு வருடம் ரிசப்ஷனில் இருந்தவள் என்ற முறையில் எனக்கே நாலைந்து காரணம் தயாராக இருந்தது.

"எல்லாரும் ஒரு நிமிசம் இருங்க" என்றார் அத்தை. "அடிவாரத்துல எங்க கடையில இப்ப பத்து டப்பா வாங்கியிருக்கீங்க. அதுல ஒண்ணுல எங்க மருமக பல்லு கெடக்கு."

மூன்றாவது வரிசையில் ஒரு பெண் டப்பாவைத் திறந்து தின்றுகொண்டிருந்தார். அவர் தாடை மட்டும் மெதுவாக நின்றது.

முன்சீட்டில் இருந்த குழுத் தலைவர் நரைத்த தாடிக்காரர். அவர் என்னைப் பார்த்து, "எங்கே, பல்லைக் காட்டும்மா" என்றார். நான் காட்டினேன். வேறென்ன செய்ய? பின்வரிசைக்காரர்களுக்குத் தெரியவில்லை என்று நடுவில் வந்து நின்று மறுபடி காட்டினேன். பிறந்ததிலிருந்து மூடி மூடி வைத்திருந்த பல்லை, முன்பின் தெரியாத நாற்பது பேருக்குத் திருப்பித் திருப்பிக் காட்டியது அன்றைக்குத்தான்.

"எல்லாப் பல்லும் இருக்கேம்மா" என்றார் தலைவர்.

"ஆக்சுவலி சார், இட்ஸ் அ கிளியர் அலைனர்..." என்று ஆரம்பித்தேன். பதற்றம் வந்தால் எனக்கு ரிசப்ஷன் இங்கிலீஷ்தான் வரும்.

அத்தை என்னைக் கையமர்த்தினார். "பல்லுக்குப் போடுற சட்டைங்க. கண்ணாடி மாதிரி இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. பதினஞ்சு நாளைக்கு ஒண்ணு மாத்தணும். பல்லு தானா நேராயிரும். கம்பியெல்லாம் பழைய காலம். எம் மருமக அதை அவ சொந்தச் சம்பளத்துல வாங்கிப் போட்டுருக்கா."

அரைமணி நேரத்துக்கு முன்னால்வரை அலைனர் என்ற ஒன்று உலகத்தில் இருப்பதே தெரியாதவர். கூடத்தில் நான் அழுதுகொண்டே சொன்னதை ஒரு சொல் விடாமல் பிடித்து வைத்திருக்கிறார். அதிலும் அந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவர் குரலில் இருந்த பெருமையை நான் என் சர்வீஸில் எந்த மேனேஜரிடமும் கேட்டதில்லை. கூச்சத்தில் குனிந்திருந்த நான் தலையை நிமிர்த்தினேன்.

மூன்றாவது வரிசைப் பெண் தன் டப்பாவின் மூடியைக் கையில் எடுத்தார். "பேரீச்சம்பழத் தோலுன்னு நெனச்சு இதுல ஒதுக்கி வச்சேன். இதுவா பாருங்க." மூடியில் என் கீழ் வரிசை இருந்தது.

அத்தை அந்தப் பெண்ணிடம் போய் இரண்டு கையையும் கூப்பினார். முழங்கையிலிருந்து பஞ்சாமிர்தம் காய்ந்து உதிர்ந்தது. "எச்சியைத் திங்க வச்சிட்டோம். மன்னிச்சிக்கங்க" என்றார்.

அந்தப் பெண் என்ன சொல்லப் போகிறாரோ என்று பஸ் முழுக்கக் காத்திருந்தது. அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எம் மகளுக்கும் பல்லு தூக்கலு" என்றார். "சிரிக்கவே மாட்டேங்கிறா. இது எங்கம்மா போடுறாங்க?"

டாக்டரின் போன் நம்பரை அங்கேயே அவருக்கு எழுதிக் கொடுத்தேன். பத்து டப்பாவையும் வாங்கிக்கொண்டு அத்தை புது டப்பாக்களைக் கொடுத்தார். இறங்கப் போகும்போது தலைவர் கேட்டார்: "ஏம்மா, சொல்லாமயே இருந்திருந்தா எங்களுக்கு எங்கே தெரிஞ்சிருக்கப் போகுது?"

"தெரிஞ்சிருக்காதுங்க" என்றார் அத்தை. "ஆனா கடிச்ச ஆளுக்குப் பல்லு ஒடைஞ்சிருக்கும். அப்புறம் அவங்களுக்கும் ஒரு சட்டை வாங்கணும்."

பஸ்ஸே சிரித்தது.

திரும்பி நடக்கும்போது நான் அலைனரை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வந்தேன். கொஞ்ச தூரம் வந்ததும் அத்தை, "அதைத் திரும்பவும் போடப் போறியா?" என்றார்.

"ஆமாங்க அத்தை. கழுவிட்டு."

"நல்லாக் கொதிக்கிற தண்ணியில போட்டு எடு."

"சுருண்டுக்கும்ங்க அத்தை. பச்சைத் தண்ணியிலதான் கழுவணும்."

"சரி." நாலு எட்டு வைத்தார். நின்றார். "அப்ப நீ சாப்பாட்டுக்கு முன்னால ஒரு தடவை, பின்னால ஒரு தடவை மாடிக்கு ஓடுனது?"

"இதைக் கழட்டி மாட்டத்தாங்க."

அத்தை என் வயிற்றைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். "அடிப் பாவி, ரெண்டு மாசமா மாதுளம்பழமாத் தின்னியே" என்றார். அப்புறம் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நிற்க முடியாமல் ஒரு சத்திரத்துப் படியில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். போகிற வருகிற பக்தர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

அந்த அண்டா முழுவதும் ஆயக்குடிப் பக்கம் ஒரு மாட்டுப் பண்ணைக்குப் போனது. அங்கே ஒரு வாரம் பால் ஏலக்காய் வாசத்தோடு கறந்தது என்பது என் கணவர் கட்டிவிட்ட கதை. அத்தை மத்தியானச் சாப்பாடுகூட இல்லாமல் அண்டாவைத் தேய்த்துக் கழுவி, புதுப்பழம் பிசைய உட்கார்ந்துவிட்டார். அலைனரை டாக்டர் சொன்னபடி மெல்லிய பிரஷ்ஷால் பத்துத் தடவை கழுவி மாட்டிக்கொண்டேன். மறுபடியும் 'ஷத்தியமா' ஆனேன். அத்தை அதைக் கேட்டு மலைப்பக்கம் பார்த்து, "கொஞ்சம் பொறுத்துக்கப்பா" என்று சொன்னதாகச் சரசக்கா சொன்னார்.

அடுத்த வருடம் கடைசி ஜோடியும் முடிந்து பல் நேரானது. அன்றைக்கே அத்தை வெள்ளியில் நாக்கு செய்து மலைக்குக் கிளம்பினார். "அத்தை, நாக்குல ஒண்ணும் இல்லைங்க, அது அலைனர்தான்" என்றேன். "வேண்டுனது வேண்டுனதுதேன். சாமிகிட்டப் போயி டாக்டர் பேச்செல்லாம் பேச முடியாது" என்றார். நானும் கூடவே ஏறினேன்.

இப்போது கூடத்தில் ஒரு சட்டம் இருக்கிறது. அண்டாவில் கை வைப்பதற்கு முன்னால் எல்லோரும் அத்தைக்கு முன்னால் நின்று பல்லைக் காட்ட வேண்டும். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் மிரண்டு போகிறார்கள். பல்செட் வைத்திருக்கிற மாமாவுக்குக் கூடத்துக்குள்ளேயே அனுமதி கிடையாது.

அந்த அருப்புக்கோட்டைக் குழு மறு வருடமும் வந்தது. பஸ்ஸை நேராகக் கடை வாசலுக்கே கொண்டுவந்து நிறுத்தி, வேறு ஊர்க் குழு ஒன்றையும் கூட்டி வந்திருந்தார்கள். மூன்றாவது வரிசைப் பெண்ணோடு அவர் மகள் வந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் பக்கத்தில் வந்து, வாயைத் திறந்து காட்டினாள். பளபளவென்று அலைனர் போட்டிருந்தாள். அன்றிலிருந்து எங்கள் கடையை யாரும் பெயர்ப் பலகையில் இருக்கிற பெயர் சொல்லித் தேடுவதில்லை. பஸ் இறங்கி ஆட்டோக்காரர்களிடம், "பல்லுக்கடை எங்கிட்டு இருக்கு?" என்றுதான் கேட்கிறார்கள். முருகன் பெயர் வைத்த கடையை இப்படிச் சொல்கிறார்களே என்று மாமா இரண்டு வருடம் ஒவ்வொருவரையும் திருத்திப் பார்த்தார். போன பூசத்துக்குக் கல்லாவில் கூட்டம் நெரிந்துகொண்டிருந்தபோது போன் அடித்தது. ஒரு கையால் டப்பாவைக் கட்டிக்கொண்டே எடுத்துக் காதில் வைத்த மாமா, "பல்லுக்கடைங்க, சொல்லுங்க" என்றார்.